கம்பஸ் வாசல்வரை ரியூசன், அதற்குப் பிறகு?

கோட்-டெ-நெய்ஜில், பிளமொண்டோன் மெட்ரோவுக்குக் கிட்ட, நான் குடியிருக்கத் தொடங்கி முப்பது வருசம் தாண்டிவிட்டது. வேலை முடிந்த பின்னேரங்களிலும் சனி, ஞாயிறுகளிலும் அயலில் உள்ள பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். அதனால் எங்கள் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எனக்கு நல்ல பழக்கம். "தம்பிக்கு கோட் ஆர் எவ்வளவு வந்தால் எஞ்சினியரிங் கிடைக்கும்?" "மகளுக்கு எந்த செஜெப் நல்லம் அண்ணை?" "பிரெஞ்சிலை படிச்சால் பிறகு ரொறன்ரோவிலை வேலை எடுக்கேலாதோ?"

இத்தனை கேள்விகளுக்கு நடுவில் ஒரு கேள்வியை மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "பிள்ளை கம்பஸுக்குப் போகப் போகுது. அங்கை எப்படிப் படிக்கிறதெண்டு அதுக்கு ஆர் சொல்லிக் குடுப்பினம்?"

கம்பஸ் கிடைத்ததோடு வேலை முடிந்தது என்பது எங்கள் நினைப்பு. அனுமதிக் கடிதம் வந்தவுடன் கோயிலில் ஒரு அர்ச்சனை, வட்ஸ்அப்பில் வாழ்த்து, லண்டனில் இருக்கும் சித்திக்கும் ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கும் ஒரு போன். அதன்பிறகு மூன்று, நான்கு வருசம் கழித்துப் பட்டமளிப்பு உடுப்போடு படம் வரும் என்று காத்திருக்கிறோம். இடையில் நடப்பதெல்லாம் பிள்ளையின் பாடு. அந்த இடைக்காலத்தில்தான் எங்கள் பிள்ளைகளில் சிலர் சத்தமில்லாமல் விழுகிறார்கள்.

ரியூசன் எங்களுக்கு எப்படி உயிராயிற்று

இதைச் சொல்வதால் ரியூசனை நான் குறை சொல்ல வரவில்லை. அது எங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பதை இங்கே பிறந்த பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. தமிழில் பரீட்சை எழுதிய பிள்ளை, சிங்களத்தில் எழுதிய பிள்ளையைவிடக் கூடுதலான புள்ளி எடுத்தால்தான் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போகலாம் என்ற நிலை. அந்தக் கூடுதல் புள்ளியைத் தேடித்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ரியூட்டறிக்கு ஓடினார்கள். வாங்கில் நெருக்கியடித்து இருந்து, பழைய வினாத்தாள்களைத் திருப்பித் திருப்பிச் செய்தார்கள். போர்க்காலத்தில், கரண்ட் இல்லாத இரவுகளிலும், விளக்கு வெளிச்சத்தில் அது நடந்தது.

அந்தப் பழக்கத்தைப் பெட்டியோடு கட்டிக்கொண்டுதான் நாங்கள் இங்கே வந்தோம். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அந்தக் காலகட்டத்தில் வந்தவர்களில் பலருக்கு மொன்றியல்தான் முதல் நகரம். விக்டோரியா, வான் ஹோர்ன் வீதிப் பக்கத்து அடுக்குமாடிகளில் ஒரே அறையில் நாலைந்து பேராக இருந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். ஜன்னலால் பார்த்தால் மலைச்சரிவில் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் கோபுரம் தெரியும். "என்ரை பிள்ளை அங்கை படிக்கவேணும்" என்று அதைக் காட்டிச் சொன்ன அப்பாக்களை எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் படித்தார்கள். 1977இல் வந்த 101ஆம் சட்டத்தின்படி பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், வீட்டில் தமிழ், தொலைக்காட்சியிலும் கூட்டாளிகளோடும் ஆங்கிலம். பதினொரு வருசப் பள்ளிப்படிப்பு முடிய இரண்டு வருசம் செஜெப். அங்கே கோட் ஆர். வகுப்பில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டு, அந்த வகுப்பின் தரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் புள்ளி அது. தரப்படுத்தலைக் கண்டு வந்த பெற்றோருக்கு கோட் ஆரை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. போட்டி என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்: ரியூசனுக்கு அனுப்ப வேண்டும்.

ரியூசனில் கிடைப்பதும் கிடைக்காததும்

ரியூசன் மாஸ்ரர் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பாடம் முக்கியம் என்று அவர் சொல்கிறார். எதை முதலில் படிப்பது, எதை விடுவது, எப்போது மீட்டுவது என்பதை அவர் தீர்மானிக்கிறார். சோதினையில் எந்தக் கேள்வி வரும் என்று ஊகித்து, அதற்கு மாதிரி விடையும் எழுதித் தருகிறார். பிள்ளையின் வேலை செய்து பழகுவதும் பாடமாக்குவதும். திட்டமிடுவது, பொறுக்குவது, தனக்கு விளங்கியதா என்று சோதிப்பது ஆகிய வேலைகளை மாஸ்ரர் தன் தலையில் சுமக்கிறார்.

பல்கலைக்கழகத்தில் அந்த வேலைகள் எல்லாம் ஒரே நாளில் பிள்ளையின் தலையில் விழுகின்றன. இருநூறு பேர் இருக்கும் மண்டபம். பேராசிரியருக்குப் பெயர் தெரியாது. வரவு எடுப்பதில்லை. முதல் நாளில் ஒரு பாடத்திட்டத் தாள் தருவார்கள். வாசிக்க வேண்டிய அதிகாரங்கள், ஒப்படைத் தேதிகள், புள்ளி பிரிக்கும் விதம் எல்லாம் அதில் இருக்கும். அதை ஒருவரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். செப்டெம்பரில் எல்லாம் அமைதியாக இருக்கும். ஒக்டோபர் நடுவில் நாலு இடைத்தவணைப் பரீட்சைகள் ஒரே கிழமையில் வந்து நிற்கும்.

எத்தனை மணிநேரம் வேலை இது? ஒரு கணக்குச் சொல்கிறேன். கியூபெக்கில் ஒரு பல்கலைக்கழகக் கிரெடிற் என்றால் 45 மணிநேர வேலை. வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து. வழக்கமான ஒரு பாடம் 3 கிரெடிற். அப்படியென்றால் 135 மணிநேரம். ஒரு தவணை 15 கிழமை என்று வைத்தால் கிழமைக்கு 9 மணிநேரம். அதில் 3 மணிநேரம் வகுப்பு, மீதி 6 மணிநேரம் தானாகப் படிப்பது. முழுநேர மாணவர் ஐந்து பாடம் எடுத்தால் கிழமைக்கு 45 மணிநேரம். அதில் வகுப்பறையில் இருப்பது 15 மணிநேரம்தான்.

தொழிற்சாலையில் நின்று உழைத்த எங்களுக்கு 45 மணிநேரம் என்றால் என்னவென்று தெரியும். ஓவர்டைம் விழும் கணக்கு அது. ஆனால் வீட்டில் என்ன சொல்கிறோம்? "உனக்கு நாளைக்கு ரெண்டு வகுப்புத்தானே, கடைக்கு ஒருக்காப் போட்டு வா." "கலியாண வீட்டுக்கு ஒட்டாவா போகவேணும், வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லைத்தானே?" கணிசமான பிள்ளைகள் இதற்கு மேலே கோப்பிக் கடையிலோ மளிகைக் கடையிலோ 20 மணிநேரம் வேலையும் செய்கிறார்கள். 45ஓடு 20ஐக் கூட்டினால் 65. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளையும் இந்தக் கணக்கில் இளைத்துவிடும். பிள்ளை பிழை விட்டது என்று சொல்ல முதல் இந்தக் கூட்டலைச் செய்து பாருங்கள்.

மாதிரி விடையில் ஒரு கண்ணி

இன்னொரு விசயம் எழுத்து. எங்கள் பள்ளிமரபில் ஆசிரியர் தந்த விடையை அட்சரம் பிசகாமல் எழுதினால் பாராட்டு. பல்கலைக்கழகத்தில் அப்படி எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை. இன்னொருவரின் கருத்தை எடுத்தால் யாருடையது, எங்கிருந்து என்று காட்ட வேண்டும்; சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போட வேண்டும். இதை அறியாமல் செய்தாலும் குற்றம் குற்றம்தான். பாடம் பூச்சியமாகலாம், கடுமையான சந்தர்ப்பத்தில் இடைநிறுத்தமும் வரலாம். இப்போது சாட்ஜிபிடியும் வந்துவிட்டது. எந்தப் பாடத்தில் எவ்வளவு பாவிக்கலாம் என்பது பேராசிரியருக்குப் பேராசிரியர் வேறுபடுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளாத பிள்ளை மாட்டிக்கொள்கிறது. கேட்காமல் பாவித்துத் தப்பினாலும், பரீட்சை மண்டபத்தில் அந்த உதவி இல்லை.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. பிரெஞ்சில் பள்ளிப்படிப்பு, ஆங்கிலத்தில் பல்கலைக்கழகம் என்று மாறும் பிள்ளைக்கு இரண்டிலும் பேச்சு சரளம். ஆனால் பத்துப் பக்கக் கட்டுரையில் ஒரு வாதத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை கட்டி நிறுத்துவது வேறு திறமை. அது மொழியறிவோடு தானாக வருவதில்லை. யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும், எழுதிப் பழக வேண்டும், திருத்திக் காட்ட வேண்டும்.

ஒரு பெடியன் சொன்னது

என்னிடம் சிறுவயதில் கணிதம் படித்த ஒரு பெடியன். பெயர் வேண்டாம். செஜெப்பில் நல்ல புள்ளி. பொறியியல் கிடைத்தது. முதல் இடைத்தவணையில் இரண்டு பாடத்தில் சரியாகச் சறுக்கினான். வீட்டில் சொல்லவில்லை. கூட்டாளிகளிடமும் சொல்லவில்லை. இரண்டாவது தவணையில் வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டு, தினமும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டு, நூலகத்தில் இருந்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்திருக்கிறான். மாதக்கணக்காக. வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தபிறகுதான் தாய் தகப்பனுக்குத் தெரிந்தது.

பல வருசத்துக்குப் பிறகு அவனிடம் கேட்டேன், ஏன்ரா ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை என்று. "அப்பா ஏசினாலும் பரவாயில்லை மாமா. அவர் அழுதிடுவாரெண்டுதான் பயந்தனான்" என்றான். படிப்பு உதவி மையம் ஒன்று அதே வளாகத்தில் இருந்ததே, போகவில்லையா என்று கேட்டேன். "அது படிக்க ஏலாத ஆக்களுக்கெண்டு நினைச்சனான். நான்தானே வகுப்பிலை எப்பவும் முதலாம் பிள்ளை."

அவன் பிறகு வேறு துறைக்கு மாறி, படித்து முடித்து, இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் அவன் இழந்த இரண்டு வருசமும், அந்த நூலக மேசையில் தனியே இருந்த காலைகளும் திரும்பி வராது. அந்த இடத்திலிருந்து எழும்பாமலே போன பிள்ளைகளும் உண்டு.

பேர்க்லியில் ஒருவர் கண்டுபிடித்தது

'நான் முதலாம் பிள்ளை, எனக்கு ஏன் உதவி' என்ற இந்த மனநிலை தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 1970களில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். முதலாம் ஆண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெருந்தொகையாகத் தோற்கிறார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். ஏன்? பேராசிரியர்களிடம் கேட்டார். ஆர்வம் இல்லை, பள்ளிக்கூடம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை என்று பதில்கள் வந்தன.

டிரைஸ்மன் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன மாணவர்களையும் எடுத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணங்கள் ஒன்றும் பொருந்தவில்லை. அந்தக் கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் பள்ளிக்கூடங்களில் முன்னணியில் நின்றவர்கள். குடும்பம் முழுக்கப் பின்னால் நின்றது. நேர்மையாக உழைத்தார்கள். ஆனால் தனியாக உழைத்தார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். படிப்பு ஒரு பக்கம், கூட்டாளிகள் இன்னொரு பக்கம். சீன மாணவர்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டுப் பிறகு ஒன்றாகக் கூடினார்கள். ஒருவர் விடையை மற்றவர் பார்த்தார். ஒருவருக்கும் வராத கணக்கு என்றால், அது உண்மையிலேயே கடினமான கணக்கு என்று தெரிந்துகொண்டார்கள். தனியாக இருந்த பிள்ளைக்கு அது தெரிய வழியில்லை. தனக்கு மூளை போதாது என்று நினைத்தது.

பல்கலைக்கழகத்தில் உதவி வகுப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை பின்தங்கியவர்களுக்கு என்ற பெயரோடு இருந்ததால் அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவில்லை. டிரைஸ்மன் அதை மாற்றினார். 1978இல் தொடங்கிய அவருடைய கணிதப் பட்டறையில், கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக இருந்து செய்யச் சொன்னார். திறமைசாலிகளுக்கான இடம் என்று சொல்லித்தான் அழைத்தார். அங்கே வந்த மாணவர்களின் புள்ளிகள் தெளிவாக உயர்ந்தன.

இதே காலத்தில், 1973இல், மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் நகர வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் இன்னொரு முறையைத் தொடங்கினார். 'ஆபத்தில் இருக்கும் மாணவர்' என்று ஆளைத் தேடாமல், 'அதிகம் பேர் தோற்கும் பாடம்' எது என்று தேடினார். அந்தப் பாடத்தை முன்னர் நன்றாகச் செய்த ஒரு மாணவரைத் திரும்ப வகுப்பில் இருக்க வைத்து, கிழமைதோறும் மற்றவர்களோடு கூடிப் படிக்கச் செய்தார். கடினம் என்பது பாடத்தின் குணம் என்று ஆனவுடன், வருபவருக்கு வெட்கம் இல்லாமல் போயிற்று. இந்த முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது.

இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. ரியூட்டறி முடிந்தபிறகு சைக்கிளைச் சாத்தி வைத்து, மதகில் இருந்து கணக்கைப் பற்றிச் சண்டை பிடித்த கூட்டங்களைச் சொல்கிறேன். மாஸ்ரர் சொன்னதைவிட அங்கே விளங்கியது கூட என்று பலர் சொல்வார்கள். நாங்கள் கப்பலேறும்போது ரியூசனைக் கொண்டுவந்தோம். மதகைக் கொண்டுவர மறந்துவிட்டோம்.

இங்கே என்ன இருக்கிறது

மொன்றியலில் உதவிக்குப் பஞ்சம் இல்லை. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் செசார் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாணவர் வெற்றிக்கான ஆதரவு மையம் இருக்கிறது. படிப்பு முறை, பிரெஞ்சு எழுத்து ஆகியவற்றுக்கு உதவுவதோடு, உடல் அல்லது கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களையும் கவனிக்கிறார்கள். கொன்கோர்டியாவில் மாணவர் வெற்றி மையம். அங்கே எழுத்து உதவியும் படிப்பு முறைப் பட்டறைகளும் நடக்கின்றன. மெக்கிலில் எழுத்து மையம் இருக்கிறது. இவற்றின் செலவுக்காக ஒவ்வொரு தவணையும் மாணவர் கட்டணத்தோடு சேர்த்துக் காசு எடுக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டிய காசு அது. பெரும்பாலும் வேறு காசு கேட்பதில்லை. இதைவிட ஒவ்வொரு பேராசிரியருக்கும் மாணவரைச் சந்திக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. பாடத்திட்டத் தாளிலேயே போட்டிருக்கும். பல பேராசிரியர்கள் அந்த நேரத்தில் தனியே இருப்பார்கள். ஆசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்று வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

கற்றல் குறைபாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் ஆட்களின் முகம் மாறும். எழுத்துக்களை வாசிக்கத் திண்டாடும் பிள்ளையும் கவனம் சிதறும் பிள்ளையும் கெட்டித்தனத்தால் பள்ளிக்கூடத்தைக் கடந்துவிடலாம். பல்கலைக்கழகத்தின் வேகத்தில்தான் பிடிபடுவார்கள். மருத்துவரோ உளவியலாளரோ தந்த சான்று இருந்தால், பரீட்சையில் கூடுதல் நேரம், அமைதியான அறை போன்ற வசதிகள் கிடைக்கும். இந்த விவரம் இரகசியம். பட்டத்திலோ புள்ளிச் சான்றிதழிலோ வராது. "ஊர் என்ன சொல்லும்" என்று பயப்பட ஒன்றும் இல்லை. ஊருக்குத் தெரியவே போவதில்லை.

அதேபோல, ஒரு பாடம் சரிவராது என்று கண்டால் தோற்காமல் விலகிக்கொள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு கடைசித் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குள் விலகினால் அது தோல்வியாகப் புள்ளிக் கணக்கில் சேராது. தோல்வி விழுந்தபின் அழுவதைவிட, அந்தத் தேதிக்கு ஒரு கிழமை முதல் ஆலோசகரோடு பேசுவது நல்லது. மெடிசின், சட்டம், மேற்படிப்பு என்று கனவு வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

எப்படிப் படிப்பது என்பதிலும் ஆராய்ச்சி இருக்கிறது

"நல்லா வாசி, திருப்பித் திருப்பி வாசி" என்பதுதான் எங்கள் எல்லோருடைய புத்திமதி. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நாலு முறைகளில் மீண்டும் மீண்டும் வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு முறை மட்டும் வாசித்துவிட்டு, அடுத்த மூன்று முறையும் புத்தகத்தை மூடி, ஞாபகத்தில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிசம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுவுக்கு 83 வீதம் ஞாபகம். எழுதிய குழுவுக்கு 71 வீதம். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 40 வீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். எழுதியவர்களிடம் 61 வீதம் இருந்தது.

சோதினைக்கு முதல் நாள் இரவு விழித்திருந்து வாசித்துவிட்டு, "எல்லாம் தெரியும்" என்று போன பிள்ளை ஏன் ஏமாந்தது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. வாசிக்கும்போது தெரிந்ததுபோல இருக்கும். மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தால்தான் தெரியாதது தெரியும். அதே வேலையை ஒரே இரவில் குவிக்காமல் நாலு நாளாகப் பிரித்தால் இன்னும் நிற்கும். மஞ்சள் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடு போடுவதில் பெரிய பலன் இல்லை என்பதும் ஆய்வுகளில் வந்திருக்கிறது.

குறிப்பு எடுப்பதற்கும் முறை உண்டு. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் வோல்ட்டர் போக் பரப்பிய முறை எளிது. தாளின் இடப்பக்கம் ஒரு ஒடுங்கிய நிரல் விட்டு, வலப்பக்கம் குறிப்பு எழுதுங்கள். வகுப்பு முடிந்த அன்றே இடப்பக்கத்தில் அந்தக் குறிப்புக்கான கேள்விகளை எழுதுங்கள். அடியில் இரண்டு வரியில் சுருக்கம். பிறகு வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு கேள்விக்கு விடை சொல்லிப் பாருங்கள். உங்கள் சோதினைத்தாள் அங்கேயே தயார். மேலே சொன்ன பரிசோதனையின் பலனும் இதற்குள் வந்துவிடுகிறது.

வீடும் ஊரும் செய்யக்கூடியது

பெற்றோருக்கு முதலில். பதினெட்டு வயது தாண்டிய பிள்ளையின் புள்ளியைப் பல்கலைக்கழகம் உங்களுக்குச் சொல்லாது. பிள்ளை சொன்னால்தான் உண்டு. ஆகவே பிள்ளை சொல்லக்கூடிய வீடாக இருக்க வேண்டும். "எத்தனை மாக்ஸ்?" என்று கேட்டால் ஒரு இலக்கம் வரும், சில வேளை பொய் இலக்கம் வரும். "இந்தக் கிழமை எது விளங்கேல்லை? ஆரிட்டைக் கேட்டனி?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று தரம் "ஒண்டுமில்லை" என்றுதான் வரும். விடாமல் கேளுங்கள். விளங்காமல் இருப்பது வீட்டில் சாதாரணமாகப் பேசக்கூடிய விசயம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். மாமாவின் மகனோடும் முன்வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடுவதை முதலாம் ஆண்டிலாவது நிறுத்தி வையுங்கள். பொருளாதார வசதி இருந்தால், முதல் தவணையில் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்; நாலு பாடம் எடுத்தாலும் முழுநேர மாணவர்தான் என்பதையும் தெரிந்துவையுங்கள்.

பிள்ளைகளுக்கு. செப்டெம்பர் முதல் கிழமையிலேயே ஐந்து பாடத்தின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒக்டோபரில் எந்தக் கிழமை நெருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும். படிப்பு உதவி மையத்துக்கு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒருமுறை போய்வாருங்கள். வழி தெரிந்த இடத்துக்கு இக்கட்டில் போவது சுலபம். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். தமிழாக இருக்க வேண்டும் என்று இல்லை.

எங்கள் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய மாணவர் சங்கங்கள் வருசாவருசம் இரவு விருந்து வைக்கின்றன. மேடையில் அதிக புள்ளி எடுத்த பிள்ளைக்குக் கேடயம் கொடுக்கின்றன. நல்ல விசயம். ஆனால் கேடயம் வாங்கிய பிள்ளைக்கு அடுத்த ஒக்டோபரில் யார் துணை? பெரிய செலவில்லாமல் ஒன்று செய்யலாம். கிழமைக்கு ஒரு பின்னேரம், கோட்-டெ-நெய்ஜ் நூலகத்திலோ ஒரு மண்டபத்திலோ, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நாலு பேர், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பத்துப் பேர், ஒரு பெரிய மேசை. அந்த நாலு பேரும் படிப்பிக்க வேண்டாம். எந்தப் பேராசிரியரிடம் எப்படிக் கேட்பது, எந்தப் பாடத்துக்கு எப்போது தொடங்குவது, தாங்கள் எங்கே சறுக்கி எப்படி எழும்பினோம் என்று சொன்னால் போதும். தேத்தண்ணியும் வடையும் சங்கம் போடட்டும். அதற்குப் பின்தங்கியவர்களுக்கான வகுப்பு என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

இந்த நகரத்தில் இப்போது இரண்டாம் தலைமுறை பட்டம் பெற்று வேலையில் இருக்கிறது. மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் பொறியியல் நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் போன ஆட்கள் இல்லை. தட்டுத்தடுமாறித் தாங்களே வழி கண்டார்கள். அடுத்து வரும் பிள்ளைகளுக்கு வழி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்களில் நீங்கள் ஒருவர் என்றால், வரும் செப்டெம்பரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு போன் எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்படி, முதல் இடைத்தவணை எப்ப? எது கஷ்டமா இருக்கு?"